நிலைபேறும் வளர்ச்சியும்: ஒரு கோட்பாட்டின் விமர்சனம்

கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் அதன் விடுதலைப் பண்பையே பெரிதும் போற்றி வந்துள்ளனர். மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். அறிவைத் தனியுடைமையாக்கிப் பூட்டிவைக்கும் வழக்கத்துக்கு எதிராக எழுந்த இவ்வியக்கம் முற்போக்காளர் அனைவரதும் ஆதரவுக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஓர் இயக்கத்தை ஆதரிப்பதென்பது அதன் கோஷங்கள் யாவற்றையும் ஆராயாது ஏற்றுக்கொள்வதன்று. அவ்வியக்கத்தினுள் வேதவாக்காகிவிட்ட கோஷம் ஒன்றை இங்கே பரிசீலிக்க விரும்புகிறேன்.

எரிக் ரேமண்ட் என்ற அமெரிக்கர், 1997ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியில் நடைபெற்ற லினக்ஸ் மாநாட்டில், 'பேராலயமும் சந்தையும்' என்று நாம் தமிழில் வழங்கத்தக்க கட்டுரையொன்றைப் படித்தார். அது 1999இல் நூலாகவும் வெளிவந்தது. மென்பொருளை முற்றுப்பெறும்வரை மறைத்துவைத்துச் சிலர் மட்டும் செதுக்கும் முறை பேராலயம் எழுப்புவதை ஒத்தது. பலரும் திரண்டு, கொண்டும் கொடுத்தும், முரண்பட்டும் இணைந்தும் ஆக்கும் முறை சந்தையை ஒத்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் இரண்டாம் முறையாலேயே வெற்றி கண்டது என்பது அவரது வாதம். குறையோடேனும் விரைவாக வெளியிட வேண்டும், அடிக்கடி வெளியிட வேண்டும், பயன்படுத்துவோர் கூறுவதைச் செவிமடுக்க வேண்டும் என்பன அதிலிருந்து அவர் வகுத்த நெறிகள். பார்க்கும் கண்கள் பெருகப் பெருகப் பிழைகள் ஒளிந்திருக்க இடமிராது என்பது அவரது நம்பிக்கை.

இக்கருத்தின் வலிமையை மறுத்தல் நேர்மையாகாது. மூடிய அறைக்குள் சிலர் அறிந்த உண்மையைவிட, திறந்த வெளியில் பலர் கண்டறியும் உண்மை மேலானது. ஆனால் பார்க்கும் அந்தக் கண்கள் யாருடையவை? புதிய பதிப்பை வாங்கி ஓட்டிப் பார்த்து, அது உடைந்தால் காரணம் கண்டு திருத்தத்தையும் எழுதி அனுப்பும் ஆற்றல் படைத்தவனின் கண்கள் அவை. அவனுக்கு நேரம் உண்டு. வேகமான இணைப்பு உண்டு. மென்பொருள் கெட்டுப்போனால் மாற்றாக இன்னொரு கணினியும் உண்டு. மென்பொருளைக் கருவியாகக் கொண்டு வேறொரு தொழிலைச் செய்பவன் இச்சித்திரத்தில் எங்கே நிற்கிறான்? ஆசிரியரும் தாதியும் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப்பிள்ளையும் அவனுள் அடங்குவர். இவர்களுக்கு வேண்டுவது நாளொரு புதுமையன்று. நேற்றுச் செய்ததை இன்றும் செய்யலாம் என்ற உறுதியே.

அவ்வுறுதிக்கு மென்பொருள் உலகம் இட்ட பெயர் நிலைப்பதிப்பு. ஒரு குறித்த நாளில் புதிய அம்சங்களைச் சேர்ப்பதை நிறுத்தி, பிழைகளை மட்டும் களைந்து, இனி இது இவ்வாறே இருக்குமென்று வாக்களித்து வெளியிடப்படுவது அது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்களும் பெரும்பிழை நீக்கங்களுமே அதனுள் சேரும். புதுமைகள் யாவும் வளர்நிலைப் பதிப்பென்னும் வேறொரு கிளையிற் செல்லும். லினக்ஸில் நிலைப்பதிப்பும் வளர்நிலைப் பதிப்பும் வேறாக இருந்ததை ரேமண்ட் அறியாதவரல்லர். விரும்பியவர் விரும்பியதைத் தெரிந்துகொள்ள அது வழிசெய்கிறது என்று அவரே குறிப்பிடுகிறார். ஆனால் அவர் அதனைப் போகிறபோக்கிற் கூறிச் செல்கிறார். அவருக்கு அது ஒரு தற்காப்பு உத்தி. எமக்கோ அதுவே பிரச்சினையின் உயிர்நாடி.

இதை நான் ஏட்டில் மட்டும் கற்றுக் கூறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கடற்கரைப் பகுதியிலுள்ள பாடசாலையொன்றின் கணினிக் கூடத்துக்கு நல்லெண்ணம் படைத்த தொண்டர்கள் சிலர் வந்தனர். பழைய கணினிகளைத் துடைத்து, லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவித் தந்தனர். பிள்ளைகளுக்கு ஆகப் புதியதே கிடைக்கவேண்டும் என்ற ஆர்வத்தினால், பல ஆண்டுகள் பேணப்படும் பதிப்பை விடுத்து, ஒன்பது மாதங்கள் மட்டுமே பேணப்படும் இடைக்காலப் பதிப்பை அவர்கள் தெரிந்தெடுத்தனர். அடுத்த ஆண்டு இரண்டாந் தவணையில், பழுதாகிய இரண்டு கணினிகளை மீள நிறுவியபோது, தமிழ் விசைப்பலகைக்கு வேண்டிய பொதி எங்கும் அகப்படவில்லை. காலாவதியான அப்பதிப்பின் களஞ்சியம் இருந்த முகவரியிலிருந்து அகற்றப்பட்டிருந்தது. கணினிப் பாட ஆசிரியர் தம் கைத்தொலைபேசியின் தரவுப் பொதியைக் கொண்டு இரண்டு இரவுகள் முயன்றார். தவணைப் பரீட்சையின் செய்முறைப் பகுதியை அவ்விரு கணினிகளிலும் அமர்ந்த மாணவர் ஆங்கிலத்திலேயே தட்டச்சு செய்தனர். யாரும் தீங்கு நினைக்கவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. புதியதே சிறந்தது என்ற எண்ணம் ஒன்றே அத்தனைக்கும் காரணம்.

தமிழுக்கு இப்பிரச்சினையில் இன்னொரு முகமும் உண்டு. கட்டற்ற மென்பொருள்களின் பட்டியல்களும் அறிவிப்புகளும் தமிழில் தோன்றுவது, ஊதியம் பெறாத மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பால். ஆங்கில மூலத்தொடர் ஒவ்வொன்றுக்கும் தமிழ்த்தொடர் ஒன்றை அவர்கள் எழுதிவைக்கின்றனர். நிரலாளர் ஒருவர் ஆங்கிலத்தொடரில் ஒரு சொல்லை மாற்றினும், அதற்குரிய மொழிபெயர்ப்பு ஐயத்துக்குரியது என்று குறியிடப்படும். அக்குறியை ஒருவர் பார்த்து நீக்கும்வரை திரையில் தமிழ் தோன்றாது, ஆங்கிலமே தோன்றும். ஒரு விடுமுறைக் காலத்தில் நானும் அத்தகைய பணியொன்றில் ஈடுபட்டேன். முடித்துக் கொடுத்த தொடர்களிற் பாதி, வெளியீட்டுக்கு முன்னரே இவ்வாறு குறியிடப்பட்டுத் திரும்பி வந்தன. கருத்து மாறவில்லை, ஆங்கிலத்தின் அலங்காரம் மாறியிருந்தது.

இதனாலேயே க்னோம் போன்ற பெருந்திட்டங்கள், வெளியீட்டுக்குச் சில வாரங்களின் முன் தொடர்களை மாற்றுவதைத் தடைசெய்யும் காலமொன்றை வகுத்துள்ளன. நிரலாளருக்கு அது கட்டுப்பாடு. மொழிபெயர்ப்பாளருக்கு அது மூச்சுவிடும் நேரம். ஆங்கிலத்தில் எழுதுபவன் எந்த நாளிலும் வெளியிடலாம். தமிழில் தருபவனுக்கு யாராவது காத்திருக்கவேண்டும். ஆகவே காத்திருத்தல் என்பது இங்கே தாமதமன்று. மொழிச் சமத்துவத்தின் நிபந்தனை. ஓய்வின்றி மாறிக்கொண்டிருக்கும் மென்பொருள், தன்னை அறியாமலே, ஒரே மொழியின் மென்பொருளாகிவிடும்.

அப்படியாயின் வளர்ச்சியை நிறுத்திவைப்பதே நன்றோ? அதுவும் அன்று. நம் பதிப்பு வரலாறே இதற்குச் சான்று தரும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையென அச்சிட்டார். அதன் இறுதி நான்கு இயல்களுக்கு அமைந்த உரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த அறிஞர் ஆராய்ந்து நிறுவினர். ஏடுகள் செல்லரித்து அழிந்துகொண்டிருந்த காலத்தில், ஐயமனைத்தும் தீரட்டும் என்று அவர் காத்திருந்தால், திருத்துவதற்கே நூல் எஞ்சியிராது. அச்சேறியமையினாலேயே பிழை கண்ணிற் பட்டது. உ. வே. சாமிநாதையரும் 1887இற் சீவகசிந்தாமணியை வெளியிட்டதோடு நின்றாரல்லர். புதிய ஏடுகள் கிடைக்குந்தோறும் பின்வந்த பதிப்புகளைத் திருத்திக்கொண்டே சென்றார். விரைந்து வெளியிடும் நெறிக்கு நம்மவரே முன்னோடிகள் எனலாம்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. முதற்பதிப்பை வாங்கிய வாசகனின் கையில் இருந்த நூல், இரண்டாம் பதிப்பு வந்த இரவில் தானாக மாறிவிடவில்லை. அவன் குறித்துவைத்த பக்கம் அங்கேயே இருந்தது. பரீட்சைக்குரிய பாடநூல் ஆண்டின் நடுவே மாறுமாயின் ஆசிரியன் எதைக் கற்பிப்பான்? மாணவன் எதை எழுதுவான்? அறிஞரின் மேசையில் பாடபேதங்கள் பெருகட்டும். வகுப்பறையின் மேசையில் அவ்வாண்டுக்குரிய பாடம் ஒன்றாக இருக்கட்டும். இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் இடையே ஒழுங்கான பாதையும் வேண்டும்.

இப்பாதையை அமைப்பது எளிதன்று என்பதை லினக்ஸின் வரலாறே காட்டுகிறது. முன்னர் அதன் கருவகத்தில், இரண்டாம் எண் இரட்டையாயின் நிலைப்பதிப்பு, ஒற்றையாயின் வளர்நிலைப் பதிப்பு என்ற முறை இருந்தது. 2.4 என்ற நிலைப்பதிப்பு 2001 ஜனவரியில் வந்தது. அடுத்ததாகிய 2.6 வருவதற்கு 2003 டிசம்பர் ஆயிற்று. அம்மூன்றாண்டு இடைவெளியில், புதிய வன்பொருள்களுக்கு ஈடுகொடுக்கவேண்டிய விநியோக நிறுவனங்கள், வளர்நிலைக் கிளையிலிருந்த அம்சங்களைத் தாமே பிடுங்கிப் பழைய பதிப்பில் ஒட்டவைத்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒட்டியது. நிலைப்பதிப்பு என்ற பெயர் ஒன்றாயிருந்தது, பொருள் பலவாயிற்று. ஆகவே 2004 முதல் அம்முறை கைவிடப்பட்டது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றின் பின்னும் திருத்தங்கள் மட்டுமே சேரும் தனிக்கிளை, அவற்றுட் சில பல ஆண்டுகள் பேணப்படுதல் என்ற புதிய ஒழுங்கு உருவாயிற்று. நிலைபேறு, கருவகத்தின் வாசலிலிருந்து அதன் பின்கட்டுக்கு இடம்பெயர்ந்தது.

டெபியன் திட்டத்தின் அனுபவம் இன்னும் படிப்பினை மிக்கது. இயன் மர்டொக் 1993இல் தொடங்கிய அத்திட்டம், நிலையற்றது, சோதனையிலுள்ளது, நிலையானது என மூன்று படிகளை வைத்துள்ளது. முதலில் நிலையற்ற படியில் நுழையும் பொதி, பெரும்பிழை எதுவும் புதிதாகக் காணப்படாமற் சில நாட்கள் கழிந்த பின்னரே சோதனைப் படிக்கு ஏறும். சோதனைப் படி உறையவைக்கப்பட்டுப் பிழை களையப்பட்ட பின்னரே நிலைப்பதிப்பாகும். செம்மையான ஏற்பாடு. ஆனால் செம்மையே அதற்குப் பகையும் ஆயிற்று. 2002 ஜூலையில் வந்த பதிப்புக்கு அடுத்தது 2005 ஜூனிலேயே வந்தது. அவ்விடைவெளியில், 2004 அக்டோபரில், டெபியனையே அடித்தளமாகக் கொண்டு ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற உறுதியுடன் உபுண்டு தோன்றிப் பலரைக் கவர்ந்துகொண்டது. பின்னர் டெபியனும் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை என்ற ஒழுங்குக்கு வந்தது. 2019, 2021, 2023, 2025 என வந்த பதிப்புகள் இதற்குச் சான்று.

நிலையானது பிழையற்றது என்று கருதுவதும் பேதைமை. டெபியனில் மறைகுறியீட்டு மென்பொருளொன்றில் 2006இற் செய்யப்பட்ட சிறு மாற்றம், உருவாகும் சாவிகளை எளிதில் ஊகிக்கத்தக்கனவாக்கியது. அத்தவறு நிலைப்பதிப்பினுள்ளும் புகுந்து, 2008 மே மாதம்வரை எவர் கண்ணிலும் படாதிருந்தது. நிலைபேறு என்பது உண்மைக்குச் சான்றிதழன்று, பொறுப்புக்கு வாக்குறுதி. பிழை கண்டபோது, மற்றவற்றைக் குலைக்காமல் அதை மட்டும் திருத்தித் தருவோம் என்பதே அவ்வாக்குறுதி.

இனி, இவ்விவாதத்தில் 2024ஆம் ஆண்டு நிகழ்ந்ததைப் போல் கண்ணைத் திறக்கும் சம்பவம் வேறில்லை. எக்ஸ்-இசட் என்ற சிறு சுருக்கு மென்பொருளை நெடுங்காலமாக ஒருவரே ஊதியமின்றிப் பேணி வந்தார். 2022இல் வெவ்வேறு பெயர்களில் சிலர் அவரை நெருக்கத் தொடங்கினர். ஏன் புதிய வெளியீடுகள் இல்லை, உம்மால் இயலாவிடில் வேறொருவரிடம் ஏன் ஒப்படைக்கக்கூடாது என்பன அவர்களின் முறைப்பாடுகள். களைத்திருந்த அவர், உதவ முன்வந்த ஒருவரை நம்பிப் பொறுப்பிற் பங்கு கொடுத்தார். அந்த 'உதவியாளரே' 2024 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பிறர் கணினிகளுக்குள் நுழைவதற்கான கள்ளவழியை ஒளித்துவைத்தவர். டெபியனின் நிலையற்ற படியைப் பயன்படுத்திய ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர், தொலைவிலிருந்து உட்புகும்போது அரை வினாடி அளவு தாமதம் ஏற்படுவதைக் கவனித்து, அதன் வேரைத் தேடிச் சென்று, மார்ச் 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். டெபியனின் நிலைப்பதிப்பை அந்நஞ்சு அப்போது எட்டியிருக்கவில்லை.

இதிலிருந்து கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று. முதலாவது, புதிய வெளியீடு எங்கே என்ற கூக்குரலே இங்கு தாக்குவோரின் ஆயுதமாயிற்று. இரண்டாவது, நிலைப்பதிப்பின் மெதுவான நடையே கோடிக்கணக்கான எளிய பயனாளரைக் காத்தது. மூன்றாவது, நிலையற்ற படியில் துணிந்து உலாவிய ஒருவர் இல்லையேல் அந்தக் கள்ளவழி காலப்போக்கில் நிலைப்பதிப்பினுள்ளும் நுழைந்திருக்கும். ரேமண்டின் கண்கள் பற்றிய நம்பிக்கை இங்கே மெய்யாயிற்று. ஆனால் அக்கண்கள் முன்னரங்கில் இருந்தமையாலும், மக்கள் பின்னே இருந்தமையாலுமே மெய்யாயிற்று. வல்லவர் முன்னே சென்று ஆபத்தைத் தாங்குவதும், எளியவர் பாதுகாப்பான இடத்தில் நிற்பதும் கோழைத்தனமன்று, நீதியான ஒழுங்கு.

நிலைபேற்றுக்கு உழைப்பவர் யார், அதற்கு விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இதனைப் பேசிப் பயனில்லை. புதிய அம்சத்தை ஆக்கியவனுக்குப் புகழ் உண்டு. பழைய பதிப்புக்குத் திருத்தம் தைப்பவனை யாரும் அறியார். கருவகத்தின் நீண்டகாலப் பதிப்புகளை ஆறாண்டு பேணும் வழக்கம் இரண்டாண்டாகக் குறைக்கப்படும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டபோது, பேணுவோரின் களைப்பும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. மறுபுறம், நிலைபேறு வணிகச் சரக்காகும்போது அது ஒரே நாளில் விலக்கிக்கொள்ளவும்படும். 2029வரை பேணப்படும் என்று எதிர்பார்க்கப்பட்ட சென்ட்-ஓஎஸ் 8, 2021 டிசம்பரோடு நிறுத்தப்படும் என்று ரெட் ஹாட் நிறுவனம் 2020 டிசம்பரில் அறிவித்தது. அதை நம்பிப் பணிகளைக் கட்டியிருந்தோர் திகைத்தனர். மறு ஆண்டிலேயே அல்மா, ராக்கி என்ற மாற்றுகளைப் பிறர் உருவாக்கி வெளியிட முடிந்ததெனின், அது மூலநிரல் திறந்திருந்தமையின் பயன். கட்டற்ற மென்பொருளின் விடுதலை, புதியதை ஆக்கும் விடுதலை மட்டுமன்று. பழையதைக் கைவிடாதிருக்கும் விடுதலையுமாம்.

காத்திருக்க முடியாத வேளைகளும் உள என்று எவரேனும் கூறின் நான் மறுக்கமாட்டேன். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்வதற்காக இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்கினர். அன்று முழுமையை நாடியிருப்பின் அது குற்றமாயிருக்கும். ஆனால் அதே மென்பொருள் பின்னர் வேற்று நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டதென்றால், அவசரத்திற் பிறந்ததைப் பின்னர் பொறுமையோடு ஒழுங்குபடுத்தியோரும் இருந்தனர் என்பதே பொருள். அவசரம் ஒரு நாளைக்கு நியாயம்; அதையே வாழ்க்கை முறையாக்குவது நியாயமன்று. அண்டையிலுள்ள கேரளத்தின் கல்வித்துறை இதனை உணர்ந்து நடந்துள்ளது. அது தன் பாடசாலைகளுக்கென 2019இல் வழங்கிய இயங்குதளம், 2018 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. ஓராண்டு பழையது என்று யாரும் நாணவில்லை. பாடத்திட்டத்துக்குப் பொருந்தியதா என்பதே அங்கே அளவுகோல்.

எங்கள் அரிப்புக் கடற்கரையில், ஊரவர் அல்லிராணிக் கோட்டை என்று வழங்கும் இடிபாடு ஒன்று உண்டு. முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்காக ஆளுநர் பிரெடெரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகை அது. நிலைத்து நிற்கக் கட்டியதுதான். பேணுவாரின்றிக் கடலரிப்பிற் சரிந்து கிடக்கிறது. அதன் எதிரே, கடலடியில், முத்துப் பார்கள் உள்ளன. சலாபம் அறிவிப்பதற்கு முன் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்து விளைந்ததா என்று பார்ப்பது வழக்கம். இளஞ்சிப்பியை அள்ளினால் முத்தில்லை; முதிர்ந்ததை விட்டுவைத்தால் அது மடிந்து போகும். 1905இற் பெருவிளைவு தந்த பார்கள், 1906இல் இலண்டன் கம்பனியொன்றுக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் பல ஆண்டுகள் அங்கே குளிப்பு நடைபெறவில்லை. குத்தகை முடியுமுன்பே கம்பனி கலைந்தது.

எங்கள் பிள்ளைகளின் கணினிக் கூடங்களுக்கு மென்பொருள் வழங்க வருவோரிடம் நாம் கேட்கவேண்டுவன எளியவை. இப்பதிப்பு எத்தனை ஆண்டு பேணப்படும்? தமிழ்த்தொடர்கள் நிறைவெய்தும்வரை வெளியீடு காத்திருந்ததா? பிழை கண்டால் யாரிடம் சொல்வது? இவற்றுக்கு விடை இல்லையெனில், எவ்வளவு புதியதாயினும் அதனை ஏற்கலாகாது. அதேவேளை, எமக்குள்ளும் ஒருசிலர், ஆசிரியராயினும் உயர்வகுப்பு மாணவராயினும், வளர்நிலைப் பதிப்பைத் தம் கணினியில் ஓட்டிப் பார்த்து, பிழை கண்டு எழுதி அனுப்பும் முன்னரங்குக்குச் செல்லவேண்டும். பிறர் உழைப்பால் விளைந்த நிலைபேற்றில் மட்டும் குளிர்காய்ந்திருப்பது கட்டற்ற மென்பொருளின் அறமன்று. எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பில் இரு மாணவர் அப்பணியைத் தொடங்கியுள்ளனர். அவர்கள் சோதிக்கும் கணினி ஒன்று. மற்றைய பிள்ளைகள் பரீட்சைக்கு அமரும் கணினிகள் வேறு.